லினக்ஸ் வழங்கல்கள்: பிறப்பும் பிரிவும் தேர்வும்

லினக்ஸ் என்ற பெயரில் ஒரே ஓர் இயங்குதளம் எங்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவை டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஸ்லாக்வேர், ஆர்ச், மின்ட் என நூற்றுக்கணக்கான வழங்கல்கள். இவை அனைத்துக்கும் கெர்னல் எனப்படும் உட்கரு பொதுவானது. வன்பொருளை இயக்குவதும் நினைவகத்தைப் பங்கிடுவதும் கோப்புகளைக் காப்பதும் அதன் வேலை. அதன் மேல் எந்த மென்பொருள்களைச் சேர்ப்பது, அவற்றை எப்படி நிறுவுவது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது, பிழை தென்பட்டால் யார் திருத்துவது என்பவற்றை ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் முடிவு செய்கிறது. அந்த முடிவுகளின் தொகுப்பே வழங்கல். ஒவ்வொரு வழங்கலும் யாரோ ஒருவருடைய அல்லது ஏதோ ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட தேவையிலிருந்து பிறந்தது. முப்பது ஆண்டு கடந்தும் அந்தத் தேவையின் அடையாளம் அதில் மறையாமல் இருக்கிறது. தனக்கு ஏற்ற திறமூல இயங்குதளத்தைத் தேடுபவருக்கு, வசதிகளின் பட்டியலைவிட இந்த வரலாறு தெளிவான வழிகாட்டி.

மூலநிரல் யாருக்குச் சொந்தம்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசித் துறைக்கு வெளியே வணிகம் செய்யக்கூடாது என்று 1956இல் அரசுடன் உடன்பாடு இருந்தது. அதனால் யூனிக்ஸின் மூலநிரல் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைத் திருத்தி, வளர்த்து, பிஎஸ்டி என்ற தன் பதிப்பை வெளியிட்டது. 1984இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டதும் பழைய தடை நீங்கியது, யூனிக்ஸ் விலைப்பொருளானது. அதுவரை மாணவர்கள் படித்துத் திருத்திவந்த நிரல் பூட்டுக்குள் போயிற்று.

மூலநிரலைப் பூட்டிவைக்கும் போக்கை எதிர்த்து, அதற்கு முன்பே 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போலவே இயங்கும், ஆனால் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முழு இயங்குதளம் ஒன்றைக் கட்டுவது அவர் நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1989இல் ஜிபிஎல் உரிமம் வந்தது. மொழிமாற்றி, உரைத்திருத்தி, கட்டளைக் கருவிகள் என்று குனு திட்டம் ஏறத்தாழ எல்லாவற்றையும் எழுதிவிட்டது. கெர்னல் மட்டும் முடியவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்திவந்த அவர், 386 செயலி கொண்ட தன் கணினிக்காக ஒரு கெர்னல் எழுதிவருவதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று இணையத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே 0.01 பதிப்பு வெளியானது. 1992இல் அதன் உரிமத்தை ஜிபிஎல்லுக்கு மாற்றியதுதான் அவர் எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது. முதலில் அவர் வைத்திருந்த உரிமம், பணம் வாங்கிக்கொண்டு பிரதி தருவதைத் தடுத்தது. அது நீடித்திருந்தால் வழங்கல் என்ற தொழிலே தோன்றியிருக்காது.

பிஎஸ்டி மரபுக்கு இதே காலத்தில் ஒரு சோதனை நேர்ந்தது. 386 கணினிக்கான பிஎஸ்டி 1992இல் தயாராகிவிட்டாலும், ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் பதிப்புரிமை வழக்குத் தொடுத்ததால் அதன் எதிர்காலம் ஈராண்டு தொங்கலில் நின்றது. வழக்கு 1994இல்தான் சமரசமானது. அதற்குள் ஆர்வலர் கூட்டம் லினக்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்று டோர்வால்ட்ஸ் பின்னர் கூறியதுண்டு. வழக்கைத் தாண்டி வந்த ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, அவற்றுக்குப் பின் வந்த ஓப்பன்பிஎஸ்டி ஆகியவை இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. இவற்றில் கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையில், ஒரே மூலநிரல் தொகுப்பாக வளர்கின்றன. லினக்ஸில் அவை தனித்தனியே வளர்வதால், அவற்றைக் கோத்துத் தர யாரேனும் வேண்டியிருந்தது.

ஃபிளாப்பி அடுக்குகள்

தொடக்கத்தில் லினக்ஸ் இரண்டு ஃபிளாப்பிகளாகக் கிடைத்தது. ஒன்றில் கெர்னல், மற்றொன்றில் ஒருசில கட்டளைகள். மற்றவற்றைப் பயனரே தேடி எடுத்து, மொழிமாற்றி, வன்தட்டில் சேர்க்க வேண்டும். 1992 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க், எம்சிசி இன்டரிம் என்ற பெயரில் நிறுவும் வசதியோடு ஒரு தொகுப்பை வெளியிட்டார். தம் மையத்தில் உள்ளவர்கள் சிரமமின்றி லினக்ஸைப் பெற வேண்டும் என்பதே அவருக்கிருந்த தேவை. அதே ஆண்டு கனடாவில் பீட்டர் மெக்டொனால்ட் எஸ்எல்எஸ் என்ற வழங்கலைக் கொண்டுவந்தார். சாளரங்கள் கொண்ட வரைகலைச் சூழலும் இணைய நெறிமுறைகளும் அதில் சேர்ந்தே வந்ததால் மிக வேகமாகப் பரவியது. ஆனால் அதில் பிழைகள் மலிந்திருந்தன. திருத்தங்களும் உடனுக்குடன் வரவில்லை.

எஸ்எல்எஸ் மீது எழுந்த அதிருப்தி 1993இல் இரண்டு வழங்கல்களைப் பெற்றெடுத்தது. மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த பேட்ரிக் வோல்கெர்டிங், தம் பேராசிரியருக்காக எஸ்எல்எஸ்ஸை நிறுவிக்கொடுக்கும்போது கண்ட பிழைகளைத் திருத்திவைத்தார். அந்தத் திருத்தங்கள் சேர்ந்து ஜூலை 17 அன்று ஸ்லாக்வேர் 1.00 ஆக வெளியாயின.

ஸ்லாக்வேரின் முதல் பதிப்பு 24 ஃபிளாப்பிகளுக்கான கோப்புகளாக வந்தது. ஒவ்வொன்றும் 1.44 எம்பி கொள்ளளவுள்ள மூன்றரை அங்குல வட்டு. வட்டுகள் எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. அடிப்படைத் தளம் ஏ வரிசையில் இருந்தது. எக்ஸ் வரிசையில் வரைகலைச் சூழல். நிரல் எழுதுவதற்கான டி, வலையமைப்புக்கான என் முதலிய வரிசைகள் இந்த முறையில் சேர்ந்தன. தேவையில்லாத வரிசையைப் பயனர் எடுக்காமலே விடலாம். டாஸ் கணினியில் ராரைட் என்னும் சிறு நிரலைக் கொண்டு ஒவ்வொரு வட்டாக எழுதி, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு நிறுவ வேண்டும். பத்தொன்பதாவது வட்டில் ஓரிடம் பழுதாகியிருந்தால் அதை மறுபடி எழுதிக்கொண்டு வர வேண்டியதுதான். வரைகலைச் சூழல் இயங்க, திரையின் கிடைநிலை, செங்குத்து அலைவெண்களைக் கோப்பில் கையால் எழுத வேண்டும். தவறான எண் பழைய குழாய்த் திரைகளைக் கெடுத்துவிடும் என்று ஆவணங்களே எச்சரித்தன. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது அன்று எந்தெந்த வட்டுகளை எடுப்பது என்பதிலேயே தொடங்கிற்று.

ஸ்லாக்வேர் அந்த எளிமையை இன்றுவரை விடவில்லை. அமைப்புகள் யாவும் சாதாரண உரைக்கோப்புகள். ஒரு மென்பொருளுக்கு வேறு எவையெல்லாம் வேண்டும் என்று அது தானாகக் கணக்கிட்டுச் சேர்ப்பதில்லை. அந்தப் பொறுப்பு பயனருடையது. கணினிக்குள் நடப்பதை முழுவதும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு அது வரம். நாளை காலை அலுவலக வேலை தொடங்க வேண்டியவருக்கு அது சுமை.

இரண்டாவது வழங்கல் டெபியன். பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று அதை அறிவித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்துப் பெயர் வைத்தார். ஒருவர் கையில் இருக்கும் வழங்கல் அவருடைய நேரமின்மையால் கெட்டுப்போகிறது என்பது எஸ்எல்எஸ் அவருக்குத் தந்த பாடம். எனவே ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு தன்னார்வலர் பொறுப்பேற்றுப் பொதியாக்கிப் பராமரிக்கும் முறையை வகுத்தார். 1995 இறுதியில் குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, வளர்ச்சி நிலையில் இருந்த டெபியனை 1.0 என்று அச்சிட்டு விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று டெபியன் குழு அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 ஐ வெளியிட்டது. முழுமையடையாத ஒன்று தன் பெயரில் போகக்கூடாது என்ற அந்தக் கண்டிப்பு டெபியனின் குணமாகவே நிலைத்தது.

1997 ஜூலையில் டெபியன் தன் பயனர்களுக்குச் சமூக ஒப்பந்தம் ஒன்றை எழுதித் தந்தது. வழங்கல் எப்போதும் கட்டற்றதாகவே இருக்கும், பிழைகள் மறைக்கப்படமாட்டா என்பவை அதன் உறுதிமொழிகளில் சில. எது கட்டற்ற மென்பொருள் என்பதை வரையறுத்த அதன் நெறிமுறைகளே 1998இல் சிறு மாற்றங்களோடு திறமூல வரையறையாயின. டெபியனுக்கு முதலாளி கிடையாது. உருவாக்குநர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவனம் கைமாறியது, கொள்கை மாறியது என்ற செய்தியால் பயனர் தடுமாற நேராத வழங்கல் என்று டெபியனைத் தயங்காமல் சொல்லலாம். அதன் குறையும் அதே வேரில் முளைத்தது: எல்லாரும் ஒப்பும்வரை காத்திருந்ததில், 2002 ஜூலையில் வந்த 3.0க்கும் 2005 ஜூனில் வந்த 3.1க்கும் இடையே மூன்றாண்டு ஓடிவிட்டது.

நிறுவனங்கள் வந்தபின்

ரெட் ஹாட்டின் தொடக்கமும் ஒரு தனிமனிதரே. மார்க் யூயிங் 1994இல் ஒரு லினக்ஸ் வழங்கலை உருவாக்கினார்; கணினிப் பொருள்களை அஞ்சலில் விற்றுவந்த பாப் யங் அதில் வணிகத்தைக் கண்டார். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 1992இல் தொடங்கிய சூசே நிறுவனம், ஸ்லாக்வேரை ஜெர்மன் மொழியில் தந்து பிறகு தன் பாதையில் போனது. யாஸ்ட் என்ற ஒரே கருவியில் கணினியின் எல்லா அமைப்புகளையும் மாற்றும் வசதி அதன் முத்திரை.

ரெட் ஹாட் தந்த பெரிய கொடை ஆர்பிஎம் என்னும் பொதி முறை. ஒரு மென்பொருளின் கோப்புகள், பதிப்பு எண், அதற்குத் தேவையான பிற பொதிகள் ஆகிய எல்லாம் ஒரே கோப்பில் பதிவாகும். நிறுவுவதும் நீக்குவதும் ஒரு கட்டளையில் முடியும். ஆனால் ஒரு சிக்கல் உடன் வந்தது. ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருளை நிறுவப் போனால், ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வேண்டும் என்று ஆர்பிஎம் மறுக்கும். அந்த நூலகத்தைத் தேடி எடுத்தால், அது இன்னொன்றைக் கேட்கும். அதை மாற்றினால், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த வேறொரு மென்பொருள் நின்றுபோகும். தொலைபேசி வழி இணையம் நிமிடக் கணக்கில் காசு தின்ற காலத்தில் இது மாலைப்பொழுதையே விழுங்கிவிடும். டெபியன் 1999 மார்ச்சில் வெளியிட்ட 2.1 பதிப்போடு வந்த ஏபிடி இந்தத் துன்பத்தை நீக்கியது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். தேவையான மற்ற எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டு, களஞ்சியத்திலிருந்து இறக்கி, வரிசையாக நிறுவியது. பலர் டெபியனுக்கு இடம்பெயர இந்த ஒரு கருவியே காரணம். பின்னர் யம் போன்ற கருவிகள் ரெட் ஹாட் மரபிலும் வந்துவிட்டதால், பொதி முறை இன்று தேர்வை முடிவு செய்யும் காரணமாக இல்லை.

1999 ஆகஸ்ட் 11 அன்று ரெட் ஹாட் பங்குச் சந்தைக்கு வந்தது. 14 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாள் முடிவில் 52 டாலரைத் தொட்டது. விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு எப்படிப் பிழைப்பது என்ற கேள்விக்கு அந்நிறுவனம் கண்ட விடை நீண்டகால ஆதரவு. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் புதுமையைத் தேடுவதில்லை; இன்று ஓடுவது பத்தாண்டுக்குப் பிறகும் மாறாமல் ஓட வேண்டும், பழுதானால் கூப்பிட ஆள் வேண்டும் என்பதே அவற்றின் தேவை. எனவே ரெட் ஹாட் 2003இல் தன் வழங்கலை இரண்டாகப் பிரித்தது. நிறுவனங்களுக்குச் சந்தாக் கட்டணத்தில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ், ஆர்வலர்களுக்கு ஃபெடோரா. புதிய நுட்பங்கள் ஃபெடோராவில் முதலில் வந்து பழுக்கும். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ 13 மாதமே.

கட்டணம் கட்ட முடியாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் 2004இல் பிறந்த சென்ட்ஓஎஸ்ஸை நாடின. ரெட் ஹாட் வெளியிடும் மூலநிரலையே எடுத்து, வணிகச் சின்னங்களை நீக்கி, மீண்டும் கட்டித் தந்த வழங்கல் அது. உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகள் (சர்வர்கள்) அதில் ஓடின. 2014இல் சென்ட்ஓஎஸ் ரெட் ஹாட்டின் குடைக்குள் வந்தது. 2019இல் ரெட் ஹாட்டையே ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வந்தது: 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி நிறுவப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடிந்துவிடும். அதை அப்போதுதான் நிறுவி முடித்திருந்த நிர்வாகிகளுக்கு அது பேரிடி. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரு மாற்று வழங்கல்கள் 2021க்குள் வந்து கைகொடுத்தன. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. வழங்கியைத் தேர்ந்தெடுப்பவர் நுட்பத்தோடு, யார் அதை ஆள்கிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வீட்டுக்கு வந்த லினக்ஸ்

வீட்டுப் பயனருக்கான கதை 1996இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய கேடிஈ பணிச்சூழலோடு ஆரம்பிக்கிறது. அழகாகவும் ஒருசீராகவும் இருந்த கேடிஈ, க்யூடி என்ற நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. அன்று அந்த நூலகத்தின் உரிமம் முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. இதை ஏற்காதவர்கள் 1997இல் க்னோம் என்ற மாற்றுச் சூழலைத் தொடங்கினர். ரெட் ஹாட் கேடிஈயைச் சேர்க்கத் தயங்கியபோது, பிரான்சின் கயேல் டுவால் 1998 ஜூலையில் ரெட் ஹாட்டோடு கேடிஈயை இணைத்து மாண்ட்ரேக் வழங்கலை வெளியிட்டார். புதியவரும் நிறுவ முடிந்த முதல் லினக்ஸ் பலருக்கு அதுவாகவே இருந்தது. க்யூடியின் உரிமச் சிக்கல் 2000இல் ஜிபிஎல் மூலம் தீர்ந்தது. ஆனால் கேடிஈ, க்னோம் என்ற இரு கிளைகளும் நிலைத்துவிட்டன.

தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றியது 2000இல் ஜெர்மானியர் கிளாஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னோப்பிக்ஸ். வன்தட்டைத் தொடாமல், குறுந்தகட்டிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடியது. ஒலி வருகிறதா, வலையமைப்பு இணைகிறதா என்று பார்த்துவிட்டுத் தகட்டை வெளியே எடுத்துவிடலாம். நிறுவும் முன் ஓட்டிப் பார்க்கும் இந்த வழக்கம் இன்று யுஎஸ்பி வழியாக ஏறத்தாழ எல்லா முக்கிய வழங்கல்களிலும் உண்டு.

டெபியனின் தாமதம் உபுண்டுவுக்கு வழிவிட்டது. தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த் தம் தாவ்ட் நிறுவனத்தை விற்ற பணத்தில் கனானிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். டெபியனை அடித்தளமாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று தேதி குறித்து, 2004 அக்டோபர் 20 அன்று உபுண்டு 4.10 வெளியானது. பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும். 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பு, தரம் போதவில்லை என்று இரண்டு மாதம் தள்ளி ஜூனில் வந்தது, எனவே 6.06. நீண்டகால ஆதரவுள்ள முதல் உபுண்டு அதுதான். ஈராண்டுக்கு ஒருமுறை வரும் இந்த நீண்டகாலப் பதிப்புகளுக்கு இன்று ஐந்தாண்டு திருத்தம் கிடைக்கிறது. கேட்டவர் வீட்டுக்குக் குறுந்தகட்டை அஞ்சல் செலவுகூட வாங்காமல் அனுப்பிவைத்தது கனானிக்கல். வேக இணையம் எட்டாத ஊர்களில் லினக்ஸ் நுழைந்ததற்கு அந்தக் காகித உறை பெரும் காரணம். 2011இல் அந்தச் சேவை நின்றது.

அதே 2011இல் பயனர்களைப் பிரித்த இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. க்னோம் 3 பழைய பட்டியல்களையும் கீழ்ப்பட்டையையும் கைவிட்டது. உபுண்டு தன் சொந்த யூனிட்டி முகப்பை முன்னிறுத்தியது. பழகிய கைகளுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. 2006இலேயே கிளெமென்ட் லெஃபெப்வ்ர் தொடங்கியிருந்த லினக்ஸ் மின்ட், பழைய க்னோமின் தொடர்ச்சியான மாட்டேயையும், தானே உருவாக்கிய சினமனையும் தந்து அவர்களை ஈர்த்தது. விண்டோஸில் பழகியவருக்கு மின்ட் இன்றும் ஏற்றது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே: கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், மூடும் பொத்தான் வழக்கமான இடத்தில்.

வேறு தேவைகள் வேறு வழங்கல்களைப் பிறப்பித்தன. 2002இல் வந்த ஜென்டூ ஒவ்வொரு மென்பொருளையும் பயனரின் கணினியிலேயே மொழிமாற்றுகிறது. அதே ஆண்டு ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச்சில் பதிப்பு எண்ணே கிடையாது. புதுமை வரவர உள்ளே வந்துகொண்டிருக்கும். அதன் ஆவணங்கள் பிற வழங்கல்களைப் பயன்படுத்துவோருக்கும் உதவும் அளவுக்குச் செறிவானவை. ஆஸ்திரேலியரான பேரி காலரின் பப்பி, 2003 முதல், முழுவதும் நினைவகத்திலேயே ஏறி ஓடிப் பழைய கணினிகளுக்கு உயிர் கொடுத்தது.

அரசுகளின் தேர்வு

ஒரு நகரமே தேர்ந்தெடுக்க முனைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் சாட்சி. விண்டோஸ் என்டி 4க்கு ஆதரவு முடியவிருந்த நிலையில், 2003 மே மாதம் நகரமன்றம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து மேயரைச் சந்தித்தும் முடிவு மாறவில்லை. முதலில் டெபியன், பின்னர் உபுண்டு என்று அடித்தளம் வைத்து லிமக்ஸ் என்ற சொந்த வழங்கலை உருவாக்கினர். 2013க்குள் சுமார் 15 ஆயிரம் கணினிகள் மாறின. ஆனால் பிற அலுவலகங்களோடு ஆவணம் பரிமாறும்போது எழுந்த சிக்கல்களும், துறைகளுக்குள் சிதறிக் கிடந்த நிர்வாகமும், மாறிய அரசியல் தலைமையும் சேர்ந்து, 2017 நவம்பரில் விண்டோஸுக்குத் திரும்ப முடிவானது. 2020இல் வந்த புதிய கூட்டணி மீண்டும் திறமூலத்துக்கு முன்னுரிமை தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. இயங்குதளத்தின் குறை இங்கே தீர்மானித்தது மிகக் கொஞ்சம்.

இந்தியாவில் கேரளம் வேறு விதமாகச் செய்தது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. டெபியன், உபுண்டு அடித்தளத்தில் பள்ளிப் பாடத்துக்கென்றே வழங்கல் தயாரானது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடநூலையும் தேர்வையும் அந்த வழங்கலை ஒட்டியே அமைத்தனர். கைட் என்ற பெயரில் திட்டம் இன்றும் தொடர்கிறது. இந்தத் திட்டம் நிலைத்ததற்கு ஆசிரியர் பயிற்சியே முதற்காரணம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2005இல் மத்திய அரசு நிதியில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில் சென்னை சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து உழைத்தன. அங்கே டெபியனிலிருந்து உருவான பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. இந்திய மொழிகளில் பட்டியல்களும் எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் நிறுவியவுடன் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் தன் அலுவலகங்களில் புகுத்தியதும் இதே காலத்தில்தான். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர் கைக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு இல்லாததால், பல மடிக்கணினிகளில் அது திறக்கப்படாமலே கிடந்தது. கேரளத்தோடு ஒப்பிடும்போது நெஞ்சை உறுத்தும் இழப்பு இது.

தமிழ்ப் பயனருக்கு ஒரு காலத்தில் மொழியே தேர்வை முடிவு செய்தது. ககரத்தோடு ஒகரம் சேர்ந்தால், ஒரு குறி எழுத்துக்கு முன்னும் மற்றொன்று பின்னும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்யாத சூழல்களில் கொம்பு தனியே, எழுத்து தனியே நின்றது. ரெட் ஹாட் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களும், க்னோம், கேடிஈ இரண்டுக்கும் பொதுவாக வந்த ஹார்ஃப்பஸ் நிரலும் இதைச் சீர்செய்தன. இன்று முதன்மையான எந்த வழங்கலிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது.

இன்றைய நிலை

2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. மேசைக் கணினியிலும் பழைய தடைகள் பல விலகியுள்ளன. கட்டற்றது அல்லாத எதையும் நிறுவியில் சேர்க்காத டெபியன்கூட, 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின், வைஃபை போன்ற சாதனங்களுக்குத் தேவையான உள்நிரல்களை 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியில் சேர்த்துக்கொண்டது. புதிய மடிக்கணினியில் டெபியனை நிறுவுவது இதனால் எளிதாயிற்று. மறுபுறம், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. அத்தகைய கணினி வைத்திருப்பவர் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், நல்ல நிலையில் இருக்கும் பல கணினிகள் இந்தத் தேர்வின் முன் நிற்கின்றன. வீட்டில் எழுத, படிக்க, இணையம் பார்க்க வேண்டியவருக்கு மின்ட் அல்லது நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு போதும். ஆண்டுக்கணக்கில் கைவைக்காமல் ஓட வேண்டிய வழங்கிக்கு டெபியன், அல்மா, ராக்கி ஆகியவை பொருத்தம். கட்டணம் கட்டி ஆதரவு பெற முடிந்தால் ரெட் ஹாட்டும் சூசேயும் உண்டு. புதிய நுட்பங்களில் நிரல் எழுதுபவருக்கு ஃபெடோரா. கணினியின் உள்ளே நடப்பதைக் கற்க நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு ஆர்ச்சும் ஸ்லாக்வேரும் நல்ல ஆசிரியர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும், அவற்றைத் தருவது யார் என்பதைப் பார்த்துக்கொண்டு, யுஎஸ்பியிலிருந்து ஒருமுறை ஓட்டி வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று சோதித்து, கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் பிரதி எடுத்த பிறகே வன்தட்டில் நிறுவ வேண்டும்.